துப்பாக்கி வாங்க இரண்டு பேர் வேண்டும்

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, நான் ஒரு துப்பாக்கி வாங்கினேன்.

அந்த வாரம் பத்திரிகையில் இதே இடத்தில் என்ன எழுதியிருந்தேன்? கார் டயரைப் பற்றி. குளிர்கால டயரை எப்போது கழற்றலாம் என்று முக்கால் பக்கத்துக்கு உங்களுக்கு அறிவுரை வேறு! துப்பாக்கியைப் பற்றி மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை... அவ்வளவுதான்.

பயப்பட வேண்டாம். லைசென்ஸ் இருக்கிறது, பதிவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன்பு ரஷ்ய ராணுவத்துக்காகச் செய்த ரைஃபிள். யுத்தம் முடிந்து, கிரீஸ் தடவி, பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்து, கடைசியில் இனி வேண்டாம் என்று அந்த ராணுவமே கழித்துவிட்ட சரக்கு. புதுத் துப்பாக்கியின் விலையில் கால்வாசிகூட வராது. முதல்முறை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிப்பார்களாம்.

கோழி உரிப்பதைப் பார்த்தாலே தலை சுற்றுகிற திருச்சிக்காரனுக்குத் துப்பாக்கி எதற்கு?

நியாயமான கேள்வி. ஆறு மாதமாக எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

என் வீடு மொன்றியலை ஒட்டிய சின்னத் தீவான இல்-பிசாரில். மரங்கள், தள்ளித் தள்ளி வீடுகள், எப்போதாவது ஒரு பஸ். தோட்டம் வேண்டும் என்று சுமதி ஆசைப்பட்டு வாங்கியது. சுமதி என் மனைவி. போன வருஷம் மிஸிஸாகாவுக்குப் போய்விட்டாள். அங்கே வேலை, அங்கே தங்கை, அங்கே வேறு வாழ்க்கை. சண்டை எதுவும் இல்லை. சண்டை போடும் அளவுக்குக்கூட நாம் பேசிக்கொள்ளவில்லை, அதுதான் பிரச்சினையே என்றாள்.

இதையும் நான் உங்களிடம் சொன்னதில்லை. இந்தப் பத்தியில் 'வீட்டில்' என்று நான் எழுதும்போதெல்லாம் இரண்டு பேர் இருப்பதாக நினைத்திருப்பீர்கள். நானும் திருத்தவில்லை.

வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். சனி, ஞாயிறு? வெள்ளிக்கிழமை ஆபீஸில் எல்லோருக்கும் கை காட்டிவிட்டு வந்தால், திங்கட்கிழமை காலை 'போன்ழூர்' சொல்லும்வரை வாயைத் திறக்க வேலையே இல்லை. ஒரு திங்கட்கிழமை குரலே வரவில்லை. சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றுதான் ஜில் கேட்டார். லொங்குய்ய் ஆபீஸில் ஆறு வருஷமாக எனக்குப் பக்கத்து மேஜை. அறுபதை நெருங்கும் கியூபெக்காரர். ஞாயிறுதோறும் ஒரு கிளப்பில் காகித இலக்கைச் சுடப் போவார்.

"நீயும் லைசென்ஸ் எடு. சேர்ந்து போகலாம். சுட்டு முடித்ததும் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சூப் குடிப்போம்."

உண்மையைச் சொல்லட்டுமா? துப்பாக்கி என் காதில் விழவில்லை. சூப்தான் விழுந்தது.

முதலில் பயிற்சி வகுப்பு. ஒரு பள்ளிக்கூட ஹாலில் முழுசாக இரண்டு நாள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை. அதன் வாய் எங்கே பார்க்கிறது என்று கவனி. சுடும்வரை விசையில் விரலை வைக்காதே... பரீட்சையில் பாஸ். இரண்டு மத்தியானமும் முன்பின் தெரியாத மூன்று பேரோடு உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டேன். நான்கு நாள் வகுப்பாக வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்தது விண்ணப்பப் படிவம். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

கடந்த இரண்டு வருஷத்தில் விவாகரத்து, பிரிவு, வேலை இழப்பு ஏதாவது உண்டா? உண்டு — டிக் அடித்தேன். அந்த இரண்டு வருஷத்தில் கூட வாழ்ந்த துணையின் கையெழுத்து வேண்டும். அதற்கும் மேலே, குறைந்தது மூன்று வருஷமாக உங்களைத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டே பேர். எனக்கு மொன்றியலில் ஒன்பது வருஷம்.

முதல் ஆள் ஜில். இரண்டாவது? பேனாவோடு உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் எல்லாம் சுமதியின் சிநேகிதிகள், அவர்களுடைய கணவன்மார்கள். சுமதி போன பிறகு அவர்கள் யாரும் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

கடைசியில் அருள் ஞாபகம் வந்தார். தெருமுனையில் டெப்பனர் கடை வைத்திருக்கிறார். பால், ரொட்டி, ஊருக்குப் பேச போன் கார்டு எல்லாம் அவரிடம்தான். திருகோணமலைக்காரர். கடைக்கு வருகிற தமிழ் ஆண்கள் எல்லோரும் அவருக்கு அண்ணை. எனக்கு அவர் அண்ணே. ஆறு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

படிவத்தை நீட்டினேன்.

"துவக்கோ?" குரல் தாழ்ந்தது. துப்பாக்கிக்கு அவர்கள் ஊர்ச் சொல் அது. கடையில் வேறு யாரும் இல்லை. "அண்ணை, நாங்கள் துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீங்கள் கடையில போய்க் காசு குடுத்து வாங்கப் போறியளோ?"

"சும்மா காகிதத்தைச் சுடறதுக்குத்தாண்ணே."

அவர் படிவத்தைத் தொடவில்லை. "எங்கட பேரும் துவக்கு எண்ட சொல்லும் ஒரே தாளில வரக்கூடாது. வந்தால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு விளங்காது. நீங்கள் இந்தியா."

சரி என்று எடுக்கப் போனேன். அவர் விரலால் அதை அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் வாசித்தார்.

"உங்கட பேர் என்ன, அண்ணை?"

மூன்று வருஷத்துக்கு மேல் என்னைத் தெரிந்தவர் என்று நான் தேடிப் பிடித்த மனிதர்! பெயரைச் சொன்னேன். ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்ட வாங்கோ. சாப்பிடுவம், கதைப்பம். ஆளைத் தெரியாமல் தெரியும் எண்டு எப்பிடி எழுதிறது? பேந்து பாப்பம்."

போனேன். அவர் மனைவி ரெஜினா மீன் குழம்பும் சொதியும் வைத்திருந்தார். சுவரில் மாதா படம். அதற்குக் கீழே ஒரே சட்டத்துக்குள் இரண்டு இளைஞர்களின் புகைப்படம். நான் அதைப் பார்ப்பதை அருள் பார்த்தார்.

"எங்கட வீட்டுக்குத் துவக்கு ரெண்டு தரம் வந்தது" என்றார். "ரெண்டு தரமும் அது திரும்பிப் போகேக்க வீட்டில ஒரு ஆள் குறைஞ்சுதான் போனது."

யார் கொண்டுவந்த துப்பாக்கி என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அந்த நிமிஷம் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. ஆனால் கிழித்தால்... மறுபடியும் அந்தச் சனி, ஞாயிறு. ரெஜினா சோறு போட்டார். சாப்பிட்டேன். மறுபடியும் போட்டார், அதற்கு மேலும் போட்டார். யாராவது சமைத்து, பரிமாறி, பக்கத்தில் ஆள் இருக்கச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று?

"தனியவோ இருக்கிறியள்?" என்று கேட்டார் ரெஜினா.

"ஆமாங்க."

அவர் அருளைப் பார்த்தார். "போட்டுக் குடுங்கோப்பா. மனுசன் மூண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டவர். சாகப் போற ஆள் இப்பிடிச் சாப்பிடாது."

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது... இவ்வளவு நேரமும் அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தது அதைத்தான்!

அருள் கையெழுத்துப் போட்டார்.

மிச்சம் சுமதி. போனில் சொன்னேன்.

"துப்பாக்கியா? என்ன சொல்றீங்க?"

"ஆபீஸ்ல ஜில் கூப்பிட்டாரு. ஒரு பொழுதுபோக்குதான்."

"பொழுதுபோக்குக்கு வேற எதுவுமே கிடைக்கலையா?"

"சூப் குடுப்பாங்களாம்."

அவள் சிரிக்கவில்லை. "நான் கையெழுத்து போட மாட்டேன். லைசென்ஸ் குடுக்கறவங்க போன் பண்ணிக் கேட்டாங்கன்னா உண்மையைச் சொல்றேன். அது போதும்ல?"

கையெழுத்து இல்லாவிட்டால் அவர்களே துணையைக் கூப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள் என்று ஜில் சொல்லியிருந்தார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அப்படியே நடந்தது. அன்று மாலை சுமதியே கூப்பிட்டாள்.

"ஒரு லேடி பேசினாங்க. 'அவரைப் பார்த்து உங்களுக்குப் பயமா'ன்னு கேட்டாங்க. இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன். 'அவரை நினைச்சா பயமா'ன்னு கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். அதை அவங்க கேக்கலை."

பதினைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். அவள் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். பதில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்... "அங்க பனி ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

மறுநாள் வாசல் மணி அடித்தது. பீட்ஸாக்காரர்கூட எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, யார்? அருள். கடையைப் பாதியில் ரெஜினாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே வந்தார், ஆனால் உட்காரவில்லை.

"லைசென்ஸ் ஒபிஸில இருந்து ஒரு பிள்ளை எனக்கும் போன் எடுத்தவ, அண்ணை. அந்த மனுசன்ர கையில துவக்கு இருந்தால் உங்களுக்குக் கவலையோ எண்டு கேட்டவ. நான் என்ன சொல்லுறது? பொய் சொல்லவும் ஏலாது, உங்களைக் காட்டிக் குடுக்கவும் ஏலாது. திறப்பு என்னட்டத்தான் இருக்கும், கவலை இல்லை எண்டு சொல்லிப் போட்டன்."

சாவியை அவர்கள் திறப்பு என்பார்கள்.

"உங்களைக் கேக்காமல் சொன்னது பிழைதான்" என்றார். "ஆனா சொன்னது சொன்னதுதான். துவக்கு என்ர வாசலுக்கு வரக்கூடாது. திறப்பு வரலாம். சுடப் போகேக்க வந்து வாங்கிக்கொண்டு போங்கோ. பின்னேரம் கொண்டுவந்து தாங்கோ. சரியோ?"

சரி என்றேன்.

மார்ச் மாதம் ஆபீஸில் கேக் வெட்டினார்கள். ஜில் ஓய்வு பெற்று, மகள் இருக்கும் ஊருக்கு, பத்து மணி நேரத் தொலைவுக்குப் போய்விட்டார். "கிளப்பில் உன்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன், கட்டாயம் போ" என்று தோளைத் தட்டினார். ஏப்ரலில் லைசென்ஸ் வந்தது.

கூட வருகிறேன் என்ற ஆளே இல்லை. அப்புறம் எதற்கு வாங்கினேன்? இத்தனை பேர் எனக்காகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். ஒன்றும் வாங்காமல் இருந்தால் அவர்களை ஏமாற்றியது போல இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான காரணமா? தெரியவில்லை.

கடையில் பத்துப் பன்னிரண்டு பழைய ரைஃபிள்கள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. எல்லாம் ஒரே ஜாடை, ஒரே பழுப்புக் கிரீஸ். மரத்தில் விரிசல் இருக்கிறதா, குழலுக்குள் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் கடைக்காரர். நான் எடுத்ததில், குண்டைத் தள்ளும் இரும்புத் தாழ்ப்பாளில் ஒரு எண்ணைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் வேறு எண் பொறித்திருந்தது.

"அது வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்த பாகம்" என்றார். "பட்டறையில் இதற்குப் பொருத்திவிட்டுப் புது எண் கொடுத்திருக்கிறார்கள். பொருந்தி வேலை செய்தால் சரிதானே?"

நாடு விட்டு நாடு குடிவந்த எனக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? அதையே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முழுக்க சமையலறையில் சுத்தம் செய்தேன். கொதிக்கிற தண்ணீர், கரைப்பான், பழைய டவல்கள். அறுபது வருஷத்து கிரீஸ் உருகி சிங்க்கெல்லாம் பழுப்பு. கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு விட்டு எடுத்தேன். முதலில் கறுப்பு, பிறகு பழுப்பு, பிறகு மஞ்சள்... நாற்பதாவது துணியோ என்னவோ, வெள்ளையாகவே வெளியே வந்தது. குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளி மாதிரி வரிகள், சுழன்று சுழன்று போயின.

"இங்க பாரேன்" என்று திரும்பினேன்.

ஃபிரிட்ஜ் இருந்தது.

விசையில் பூட்டை மாட்டினேன். இரண்டு சாவிகளையும் வளையத்தில் கோத்து, அன்றே அருளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிறுதான் முதல்முறை சுடப் போனேன். காலையில் சாவியை வாங்கும்போது அருள் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். கிளப்பில் முதல் குண்டுக்கே தோள் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். அப்படி ஒரு உதை! பக்கத்து மேடைக்காரர் என் பக்கம் குனிந்து "சா வா?" என்றார். நலமா என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு வேறு மாதிரிக் கேட்கிறது, என்ன செய்வது? நலம் என்றேன். பத்துக் குண்டுகளில் இரண்டு காகிதத்தில் பட்டன.

சூப் கொடுத்தார்கள். மேஜையில் எல்லோரும் ஜில்லைப் பற்றியே வேகமான பிரெஞ்சில் பேசினார்கள். அவர்கள் சிரித்த இடங்களில் நானும் சிரித்துவைத்தேன்.

திரும்பும்போது வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. தீவின் மறு கோடியில், எதிர்க்கரையில் இருக்கும் லவாலுக்குப் படகு போகும் துறையில் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கார்கள் ஏறின, படகு போனது. படகு வந்தது, கார்கள் இறங்கின. தோள் வலித்தது. பனியனை விலக்கிப் பார்த்தால் உள்ளங்கை அளவுக்குக் கன்றிப்போயிருந்தது. காட்டுவதற்குத்தான் யாரும் இல்லை.

செல்போன் அடித்தது.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? ஆறு மணி தாண்டிட்டுது. திறப்பு இன்னும் வரேல்லை."

"படகுத் துறையில இருக்கேண்ணே. சும்மா."

"சும்மாவோ?" பின்னால் ரெஜினாவின் குரல் கேட்டது. "சாப்பிட்டிட்டியளோ எண்டு இவ கேக்கிறா."

"இல்லண்ணே."

"அப்ப சாமானைக் கொண்டுபோய் வீட்டில பூட்டி வைச்சிட்டு வாங்கோ. நான் கடையைப் பூட்டாமல் நிக்கிறன்."

காரை ஸ்டார்ட் செய்தேன்.

நான் நேரம் கழித்து வந்தால் கவனிக்க இந்த ஊரில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் காத்திருந்தது உனக்காக இல்லை, சாவிக்காகத்தான் என்று நீங்கள் சொல்லலாம்.

சொல்லிக்கொள்ளுங்கள்... எனக்கு அது போதும்.