இரண்டு பையர்களும் ஓர் அப்பளமும்

எனக்குப் பத்து வயதில் அமெரிக்கா என்றாலே வயிறு எரியும். காரணம் பெரியப்பா மகன். என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவன் என்பதற்காக அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டியிருந்த கொடுமை வேறு.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்தினார்கள். மேல்மாடியில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அமெரிக்கா ஆர்டரைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார், பிரான்ஸ் ஆர்டரை அப்பா. சரக்கு வாங்குகிற அமெரிக்கப் பையர் வருகிறார் என்றால் தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். எதைக் காட்டினாலும் ‘சூப்பர்’ என்பார். அண்ணனைத் தோளில் தூக்கிக்கொள்வார். அவனுக்குத் தொப்பி என்ன, டப்பா டப்பாவாகச் சாக்லேட் என்ன! எங்கள் பிரெஞ்சுக்காரரோ வந்ததும் வராததுமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, காலர் தையலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். காபியை முகர்ந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். இத்தனை வருகையில் எனக்கென்று அவர் கொண்டுவந்தது ஒரு சோப்பு. கட்டைவிரல் பருமன்கூட இல்லை. நான் அவ்வளவு நாறுகிறேனா என்று அம்மாவிடம் போய் அழுதேன்.

அண்ணன் அதோடு விட்டானா? ஒருநாள் படிக்கட்டில் தொப்பியோடு உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

“உங்காளு நாட்டுக்காரங்கெல்லாம் உலகப் போர்ல கையத் தூக்கிட்டாங்களாமா புள்ள. எங்காளுங்கதான் கப்பல்ல போயி நாட்டை மீட்டுக் குடுத்தாங்களாமா. அவரே சொன்னாருங்கறேன்!”

எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரான்ஸ் தோற்றது என்றால் அப்பா தோற்றதாகத்தான் எனக்குக் கணக்கு. பெரியப்பா போய்க் காப்பாற்றுகிற நிலைமையிலா அப்பா இருக்கிறார்? நேராக மெர்ச்சண்டைசர் அக்காவிடம் போனேன். பையர்களிடம் இங்கிலீஷில் பேசுவதெல்லாம் அவர்தான், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“அட பிள்ள, அதுக்கும் முந்தி ஒரு கத இருக்குல்லா. அமெரிக்காக்காரன் இங்கிலாந்து ராஜாவ எதுத்துச் சண்ட போட்டாம்லா, அப்போ கப்பலும் ஆளும் அனுப்பிக் கைகுடுத்தது யாரு? பிரான்ஸ்தான்.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதை இங்கிலீஷில் ஒரு வரியாக அக்காவிடமே கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். அந்த வாரமே இரண்டு பையர்களும் ஒரேநாளில் வந்து சேர்ந்தார்கள். பையர் வந்தால் துணி சரிபார்க்கிற செக்கிங் டேபிளைத் துடைத்து இலை போட்டு, வீட்டுச் சாப்பாடு பரிமாறுவது எங்கள் கம்பெனி வழக்கம். பாயசம் வருவதற்குள் நான் எழுந்து நின்று, அமெரிக்கரைப் பார்த்து, உங்கள் நாட்டை முதலில் காப்பாற்றியதே பிரான்ஸ்தான் சார் என்று ஒப்பித்துவிட்டேன்.

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா இலையைப் பார்த்தார்.

பிரெஞ்சுக்காரர் திடீரென்று வெடித்துச் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதையே அன்றுதான் பார்த்தேன். அமெரிக்கரும் டேபிளைத் தட்டிச் சிரித்தார். அப்புறம் இருவரும் மாறி மாறி ஏதோ கத்திக்கொண்டார்கள். அக்கா என் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தார். “நாங்க வரலைன்னா நீ இன்னிக்கு ஜெர்மன்லதான் பேசிட்டிருப்பங்காரு இவரு. நாங்க வரலைன்னா உனக்கு நாடே இல்லங்காரு அவரு. நீ சாப்பிடத் தெரியாத பயலுங்காரு அவரு. நீ குளிக்காத பயலுங்காரு இவரு.”

எனக்குப் பயமாகிவிட்டது. “அடிச்சுக்குவாங்களாக்கா?”

“போ பிள்ள, ரெண்டும் பழைய சேக்காளிங்க.”

அதற்குள் பிரெஞ்சுக்காரர் அமெரிக்கரின் இலையிலிருந்து மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அமெரிக்கர் அவர் வடையைப் பிடுங்கினார். சே, பெரிய மனுசர்கள் பண்ணுகிற வேலையா இது என்று இருந்தது எனக்கு.

எங்கள் வீட்டிலும் முன்பெல்லாம் இந்தக் கூத்துதான். பெரியப்பா அப்பாவை எருமை, கழுதை என்று திட்டாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டார். அப்பா பதிலுக்கு அவர் இலையிலிருந்து அப்பளத்தைத் தூக்கிக்கொள்வார். பெரியப்பா அந்தக் கையிலேயே ஓர் அடி போடுவார். கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் இல்லை. அன்றும் எத்தனை மரியாதை!

“தம்பி, ரசம் வாங்கிக்குங்க.”

“போதுமுங்கண்ணா. நீங்க சாப்புடுங்க.”

வெள்ளைக்காரர்கள் இலையில் கை வைத்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள், எங்கள் ஆட்கள் எவ்வளவு நாகரிகமாக இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் அம்மா ஏன் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள் என்று புரியவில்லை. ரசத்தின் காரம் என்று நினைத்தேன். அடுத்த தை பிறப்பதற்குள் கம்பெனிக்கு நடுவே சுவர் எழும்பி, கேட் இரண்டாகி, மேலே அடுப்பும் இரண்டானது. இன்றைக்கும் அந்தச் சுவர் இருக்கிறது. இரண்டு பக்கமும் ரொம்ப மரியாதையாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

அன்று எல்லோரும் கை கழுவ எழுந்தபோது பார்த்தேன். பெரியப்பாவின் இலை ஓரத்தில் அப்பளம் ஒரு விள்ளல்கூட உடையாமல் அப்படியே இருந்தது. அவரும் தின்னவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை. அண்ணன் கண்ணும் அதன் மேல்தான் இருந்தது. அவன் கை நீட்டுவதற்குள் நான் பாய்ந்து எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க நொறுக்கித் தின்றேன். கடைசியில் ஜெயித்தது நாங்கள்தான் என்று அன்று முழுக்க ஒரே சந்தோஷம் எனக்கு.