மோட்டாருக்கு ஓய்வு

மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து, வண்டிகளுக்கு ஊற்றும் எரிசாராயம் எடுக்கிற ஆலை அது. அங்கே ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அவர் பொறுப்பு. கொதிகலன் அவருடைய தம்பியின் பொறுப்பு. மதிலுக்கு அந்தப் பக்கத் தெருவில் அக்கா வீடு.

மோட்டார் ஓடினால் அக்கா வீட்டுக் கிணறு வற்றும். நின்றால் கொஞ்சம் ஊறும். அதனால் மதியத்தில், மோட்டார் சூடாகிவிட்டது என்று சொல்லி நிறுத்திவைப்பார்.

“டேய், உன் மோட்டாருக்குக் காய்ச்சல் வந்தாத்தான் என் வீட்ல அடுப்பு எரியுது. தினம் வரட்டும்டா!” மதிலுக்கு மேலே தலை நீட்டிச் சிரிப்பாள் அக்கா.

அவரால் சிரிக்க முடியாது. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

அந்தக் கோடையில் ஊற்று இன்னும் இளைத்தது. கொதிகலனுக்குப் போகும் மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஒருநாள் ஓய்வை நீட்டினார். அன்று புதிதாக இன்னொரு புளிப்புத் தொட்டியைக் குளிர்விக்கவும் அதே தண்ணீரைத் திருப்பிவிட்டிருந்தார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கொதிகலன் பக்கமிருந்து விசில் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தார். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு இல்லை. மோட்டாரைப் போடத் திரும்பினார்.

“அண்ணே, போடாத! காய்ஞ்சு கிடக்கு, இப்ப தண்ணி ஏறினா வெடிச்சிடும். வெளிய ஓடு!”

தம்பி மட்டும் ஓடவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, நீண்ட கம்பியால் நெருப்பை வெளியே வாரி இழுத்தான். இரும்பு முனகியது. அவருக்கு ஓடவும் முடியவில்லை, உள்ளே போகவும் கால் வரவில்லை.

கடைசித் தணலும் வெளியே வந்தபின் தம்பி தரையில் உட்கார்ந்தான். கைகளில் மயிர் பொசுங்கியிருந்தது.

“மோட்டார் எதுக்கு நின்னுச்சு?”

“சூடாயிடுச்சு.”

“யார்கிட்ட கதை விடுற? எனக்கும் அவ அக்காதான். ஆனா இங்க நிக்கிறது நான்தானே அண்ணே?”

மறுநாள் மதியம் மதிலுக்கு அப்பால், வற்றிய கிணற்றின் பாறையில் வாளி மோதும் ஓசை கேட்டது. அவர் கை சுவிட்ச் வரை போய் அந்தரத்தில் நின்றது.

“தம்பி, உள்ள இருக்கியாடா?” அக்கா அவரைக் கூப்பிட்டாள்.

ஓடும் மோட்டாருக்குப் பக்கத்தில், அங்கே இல்லாதவரைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.