கோடு போட்ட இடம்

நெல்டா கிம்ப்ரோ அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனி உறைந்த ஒரு காலையில் மரம் ஏற்றிய லாரி பேருந்தின் பக்கவாட்டில் மோதியது. பிள்ளைகள் யாரும் அதுவரை ஏறியிருக்கவில்லை. அவளுக்குத்தான் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போய்விட்டது. கணவன் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தான். பிறகு மெம்பிஸில் வேலை என்று போனவன் போனவன்தான்.

வியாழன்தோறும் ஏரிப் பூங்காவுக்குப் போவாள். கண்ணாடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை தொங்கினால் அங்கே வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. கையாலேயே ஓட்டும்படி மாற்றிய வேனில் தனியாக வந்து, மின்சார நாற்காலியில் படகுத்துறைவரை போய் உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளைத் தூக்காத, புரட்டாத நேரம் அது ஒன்றுதான்.

அந்த வியாழன் வானம் கறுத்ததும் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நெல்டா வேனுக்குத் திரும்பியபோது, நாற்காலி ஏறி இறங்கும் சாய்பலகையை இறக்குவதற்கென்று பக்கத்தில் கோடு போட்டு ஒதுக்கிய இடத்தில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. வேனின் கதவுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கைப்பேசி வேனுக்குள் சார்ஜில் கிடந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

நுழைவாயில் மேட்டுக்கு மேலே. நாற்காலியின் பேட்டரி சிவப்பில் இருந்தது. அங்கே யாராவது இருப்பார்கள், போய்ப் பார்ப்போம் என்று ஏறினாள். பாதி மேட்டில் நாற்காலி நின்றுவிட்டது. மழை கொட்டியது. மின்னல் ஏரியிலேயே இறங்குவதுபோல் வெட்டியது. வேறு வழி தெரியாமல் தன்னைச் சரித்துத் தார்ச்சாலையில் விழவிட்டு, முழங்கைகளால் ஊர்ந்தாள். இருபதடி போவதற்குள் அழுகை வந்துவிட்டது.

பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம். அதே பிக்கப், இப்போது படகை இழுத்துக்கொண்டு. பதறி இறங்கினான் ஓட்டியவன்.

"அய்யோ, விழுந்துட்டீங்களாம்மா?"

"விழல. என் கதவ மறிச்சு வண்டிய நிறுத்துனது நீங்கதானே?"

"காத்து படகத் தள்ளிட்டுப் போச்சு. அஞ்சு நிமிஷம்னுதான் விட்டேன். எடம் சும்மா கெடந்துச்சேன்னு..."

"சும்மா கெடக்கணும்னுதான்யா கோடே போட்டிருக்கு!"

"உங்களுக்கு எல்லாம் ஓசியாத்தானே குடுக்கறாங்க, கொஞ்சம் பொறுத்தா என்ன?" என்று முணுமுணுத்தான்.

"ஓசியாத்தான் உள்ள விட்டாங்க. வெளிய போக முடியலையே!"

அவன் குனிந்தான். "தொடாதீங்க," என்றாள். இடி விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "சரி, தூக்குங்க," என்றாள். காலில் கட்டியிருந்த, சிறுநீர் சேரும் பை கழன்று பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. அது மழையில்லை என்று அவனுக்கும் தெரிந்தது. அவளை வேனில் ஓட்டும் இருக்கையில் உட்காரவைத்து, நாற்காலியையும் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றினான்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோதுதான் முழங்கால்கள் எலும்புவரை உரிந்திருப்பதைப் பார்த்தாள். வலி தெரியாத கால்கள். புண் சீழ் பிடித்து ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். ஒரு காலை எடுக்கவேண்டி வரலாம் என்றுகூடச் சொன்னார்கள். எப்படியோ தப்பியது.

அக்டோபரில் மறுபடி பூங்காவுக்குப் போனாள். வேனை நேராக நிறுத்த மனம் வரவில்லை. தன் இடத்தையும் கோடு போட்ட இடத்தையும் சேர்த்துக் குறுக்கே நிறுத்தினாள்.

காவல்காரி ஓடிவந்தாள். "இப்படி நிறுத்தக் கூடாதும்மா. அபராதம் போடவேண்டி வரும்."

"போடுங்க," என்று சொல்லிவிட்டு நெல்டா சாய்பலகையை இறக்கினாள். நாற்காலியைப் படகுத்துறைப் பக்கம் திருப்பினாள்.