சுகமாகும் முன்னே வைத்த ஸ்தோத்திரக் கூட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவின்முறையாருக்கும் சபையாருக்கும் எங்கள் வீட்டின் ஸ்தோத்திரம். அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருஷமாகிறது. தம்பி நான்தான் எழுதவேண்டும் என்று அத்தான் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திசையன்விளைக்குப் பக்கத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி புனே வந்தார்கள். அத்தானுக்குக் கசார்வாடியில் ஹைவே ஓரம் ஒரு பட்டறையில் லேத் வேலை. பிறகு என்னையும் வரவழைத்து அங்கேயே சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டறை மூடினபோது அக்கா பஸ் ஏறி ஔந்த் போய் இரண்டு வீடுகளில் சமைத்தார்கள். அக்கா பேசும் மராத்தியைக் கேட்டு, நாங்கள் மாவுஷி என்று கூப்பிடும் எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஆனால் தன் பேரனுக்குக் காய்ச்சல் என்றால், ஜெபம் பண்ண அக்காவைத்தான் கூப்பிடுவார்.

அக்காவுக்குப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து, கீமோவில் முடியெல்லாம் கொட்டினபிறகும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்தச் சமயம் உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், "இந்தச் சகோதரி சாவதில்லை, பிழைப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபம் கேட்கப்பட்டால் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்துச் சாப்பாடு போடுவது நம் வழக்கம். உண்மையான விசுவாசம் என்றால் சுகமாகும் முன்னேயே வைக்கவேண்டும் என்று அத்தான் மொட்டைமாடியில் பந்தல் போட்டு, மட்டன் பிரியாணிக்குச் சொல்லி, எல்லாருக்கும் போன் செய்தார்கள்.

கூட்டத்தன்று அடுப்படியில் அக்கா என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏல தம்பி, எனக்கு முடி வளந்ததும் எந்தக் கிளிப் வாங்கணும்னு கிருபா கேக்கா. நான் போயிட்டா அந்தப் பிள்ளை யாரைப் பொய்யர்னு சொல்லும்? ஆண்டவரைத்தான சொல்லும்?"

கிருபா அக்காவின் ஒரே மகள். அப்போது ஏழாவது படித்தாள். மம்மிக்கு நல்லாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

மாடியில் பாட்டு முடிந்ததும், "இப்ப என் வீட்டம்மா சாட்சி சொல்லுவாங்க" என்றார்கள் அத்தான். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

"எனக்கு சுகமாகல. வலி இருக்கு. சாகமாட்டேன்னு ஆண்டவர் என்கிட்ட சொல்லல. கூட இருப்பேன்னு சொல்லிருக்காரு, இருக்காரு. செத்தாலும் எழுப்புவேன்னு சொல்லிருக்காரு, எழுப்புவாரு. அவரு சொல்லாததை அவரு மேல போடாதீங்க. பிரியாணி ஆறுது, சாப்பிடுங்க."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. 'விசுவாசக் குறைச்சல்' என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் போனபிறகு அத்தான், "ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கிட்டியே!" என்றார்கள்.

"மானம் எங்கயும் போகல. பிரியாணி நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனாவ" என்றார்கள் அக்கா. அத்தான் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

கிருபா அன்று முழுவதும் தாயிடம் பேசவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகாமல் அக்காவின் மடியில் படுத்து அழுதாள். அக்கா அவளை அடக்கவில்லை. அதன்பின் அத்தானும் சுகத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, கஞ்சி ஊட்டுவதையும் கால் அமுக்குவதையும் தாமே செய்தார்கள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நான், "எக்கா, எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது. கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

"வரலன்னா சும்மா இரு. உனக்கு ஜெபம் வரலன்னா அவருக்கு வாக்கு மறந்துருமால?" என்றார்கள். பிறகு தண்ணீர் கேட்டார்கள். ஒரு காலைப்பொழுதில் அத்தானும் கிருபாவும் நானும் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு நின்றது. அடக்கத்தில் எல்லாரும் பாடினார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மாறிமாறித் துணையிருந்த சபைச் சகோதரிகளுக்கும், கடைசிவரை வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி ஓடிவந்த சித்தி குடும்பத்தாருக்கும், துக்கவீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டு மாவுஷிக்கும் நன்றி சொல்லுகிறோம். கூட்டத்தில் மனம் வருத்தப்பட்டுப் போனவர்களும் அடக்கத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

அடக்கத்துக்குப் பிறகு கிருபா குடும்ப ஜெபத்தில் வாய் திறக்கவேயில்லை. அத்தானும் வற்புறுத்தவில்லை. இந்த மலருக்கு அக்காவின் போட்டோ எடுத்து வைத்த அன்று சாயங்காலம், அவளாகவே கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த தமிழில் சொன்னாள்:

"ஆண்டவரே, மம்மியை எழுப்புவேன்னு சொல்லிருக்கீங்க. எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. ஆனா வெயிட் பண்றேன்."

எனக்கு உள்ளே இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. ஆனாலும் ஆமென் சொன்னேன்.