குணசுந்தரியின் கண்ணில் வைத்த தோல்

எண்ணூர்க் குப்பத்து மீன்காரி குணசுந்தரிக்கு இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. வலது கண்ணிலும் போன வருஷம் பனி மூட ஆரம்பித்தது. விடிந்ததும் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல் இருக்கும். மத்தியானம் கொஞ்சம் தெளியும். பிறகு மத்தியானமும் தெளியவில்லை.

"கருவிழிக்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்கும்மா. கருவிழியில தண்ணி கோக்காம பாத்துக்கறது அதுதான். உங்களுக்கு அது கெட்டுப்போச்சு. வேறொருத்தரோடத வைக்கணும்" என்றார் டாக்டர் ஹெப்சிபா.

"யாரோடத?"

"இறந்துபோனவங்களோடது."

குணசுந்தரி எழுந்து போய் வராந்தாக் குழாயடியில் வாந்தி எடுத்தாள். புருஷன் பாஸ்கர் முதுகைத் தடவினான். "கண்ணு வோணுமா வோணாவா? அத்த மட்டும் சொல்லு."

ஒப்புக்கொண்டாள்.

ஆபரேஷன் மேஜையில் கண் மரத்திருந்ததே தவிர, காது நன்றாகவே கேட்டது. நீலச் சாயம் ஏற்றிய அந்தத் தோல் வெங்காயச் சருகைவிட மெல்லியது. கண்ணுக்குள் போனதும் பீடி மாதிரி சுருண்டுகொண்டது. தட்டினால் விரியும், விட்டால் சுருளும். "ஐயோ, மறுபடியும்" என்று டாக்டர் முணுமுணுப்பதைக் கேட்டபடியே கிடந்தாள். ஒருவழியாக ஒட்டினார்கள். சில வாரத்தில் கண் பழையபடி பால் பூத்தது.

டாக்டர் மறைக்கவில்லை. "சுருண்டு சுருண்டு எந்தப் பக்கம் மேலன்னு தெரியாம போச்சும்மா. தலைகீழா ஒட்டிடுச்சு."

"செத்தவங்க குட்த்தத பாழாக்கிட்டீங்களே, சீ!"

இதற்கிடையில் கடையில் வியாபாரம் படுத்தது. கொழுந்தன் மனைவி ரேகாதான் மீன் எடுத்து வருவாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து விற்பார்கள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள்.

"உன் கண்ணுல பொணத்தோட தோலு கீதுன்னு ஊருக்கே தெரியும்க்கா. உன் கையால மீன் வாங்க எவளுக்கு மனசு வரும்?" என்றாள் ரேகா. தன் சோற்றுத் தட்டையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

குணசுந்தரிக்குத் தன் கையே அருவருப்பானது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் வெடித்தது.

இரண்டாம் முறை கண் வங்கியிலேயே வேலையை முடித்து அனுப்பியிருந்தார்கள். தோலுக்குச் சாயம் ஏற்றி, மேல்பக்கம் தெரிய ஓர் எழுத்து முத்திரை குத்தி, மூன்றாக மடித்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் போட்டிருந்தார்கள். டாக்டர் குழாயைக் கண்ணில் வைத்துத் தள்ளியதுதான். தோல் தானாக விரிந்தது. தோல் ஒட்டிப் பிடிக்க அடியில் காற்றுக் குமிழி விட்டு, மல்லாந்தே கிடக்கச் சொன்னார்கள். ஓட்டைக் கூரையையும் அதில் ஊர்ந்த கரப்பானையும் பார்த்தபடி கிடந்தாள். நாளாக ஆகக் கரப்பானின் மீசை வரை தெரிந்தது.

கண் தெளிந்து கடைக்குப் போன அன்று கூடையைக் குனிந்து பார்த்தாள். வஞ்சிரத்தின் கண்கள் குழிந்து, வெளுத்து, உள்ளே போயிருந்தன. செவுள் சேறு நிறம். ஆனால் நாற்றமில்லை. ஈ ஒன்றுகூட உட்காரவில்லை. பலகைக்கடியில் ஒரு கேன் இருந்தது. மூடியைத் திறந்ததும், அப்பா செத்தபோது பிணவறையில் அடித்த அதே நெடி மூக்கில் ஏறியது.

"இன்னாடி இது?"

"கெடாம இருக்கக்கா. எல்லாருந்தான் ஊத்தறாங்கோ."

"எத்தினி நாளா?"

ரேகா கேனைக் காலால் பலகைக்கடியில் தள்ளினாள்.

"பொணத்துக்கு ஊத்தற மருந்த ஊரு வாயில ஊத்திகினு, என் கண்ணப் பாத்து மூக்கப் புட்சியா? கலீஜு! நீ தாண்டி கலீஜு!"

கூடையைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டினாள். கேனையும் கவிழ்த்தாள். ரேகா கத்தினாள், கூட்டம் கூடியது, பாஸ்கர் வந்து இழுத்துக்கொண்டு போனான்.

இப்போது திருவொற்றியூர் மார்க்கெட்டில் தனியாக உட்கார்கிறாள். மீனைத் தானே பார்த்து எடுக்கிறாள். ஆனால் அவளால் மீன் சாப்பிட முடியவில்லை. குழம்பு கொதித்தாலே அந்த நெடி வருகிறது. எண்ணூரில் ரேகாவின் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கும் குறைவில்லை என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டபோது குணசுந்தரி திரும்பிக் காறித் துப்பினாள்.