கைக்குட்டைக்குக் கிடைத்த பார்வை

1978 டிசம்பர். எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து காலை எட்டரை மணிப் படகில் மட்டாஞ்சேரிக்குப் புறப்பட்டோம். டிக்கெட் ஆளுக்கு முப்பது காசு. காயல் முழுக்க மூட்டம். சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு நான் புகைப்படத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஆள் கிடைக்காத குறைக்குக் கதாநாயகியாகவும் நானே பட்டுக் கட்டிக்கொண்டு நின்றேன். கூட வந்த கதாநாயகன் சேகர், எர்ணாகுளம் பிராட்வேயில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், பார்க்க ராஜா மாதிரி இருப்பார். முதல் அத்தியாயத்துப் படத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வைக்காகத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். தை மாதம் முகூர்த்தம். அழைப்பிதழ் அச்சுக்குப் போயாயிற்று.

ஆனாலும் மனதுக்குள் ஓர் உறுத்தல். கேமரா இல்லாத நேரத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. கூச்ச சுபாவம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒன்பது மணிக்கு மட்டாஞ்சேரி. ஜெட்டியிலிருந்து கடைத்தெரு வழியாக ஐந்து நிமிட நடை. இருபுறமும் கிடங்குகள், சுக்கும் மிளகும் மூக்கைத் துளைத்தன. மழையில் கறுத்த சுவர்கள், ஓடு சரிந்த கூரைகள். காதல் கதைக்கு இப்படி ஓர் அழுமூஞ்சித் தெருவை ஏன் பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. படம் எடுக்கிற வர்கீஸ் சேட்டன் ஒரு கிடங்கு மாடியில் காத்திருந்தார்.

பதினோரு மணிக்குச் சேகரின் முகத்தை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு எதிரே ஆள் வேண்டாம். அவர் பார்வைக்கு ஓர் அடையாளமாக, சேட்டன் தன் கைக்குட்டையை எடுத்து, என் கண் உயரத்துக்கு ஜன்னல் கம்பியில் கட்டினார்.

"மோளே, இங்க வா. பின்னால கடை போர்டு ஏதாச்சும் தெரியுதான்னு நோக்கு," என்றார்.

மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா அது. குனிந்தேன். கேமராவின் கண்ணாடியில் சேகர் கொட்டாவி விட்டார், வாட்சைப் பார்த்தார்.

"ரெடி!" என்றார் சேட்டன்.

சேகர் கைக்குட்டையைப் பார்த்தார். அதே பார்வை. பத்திரிகையிலிருந்து கத்தரித்து நான் தலையணைக்கடியில் வைத்திருந்த அதே பார்வை. கேமராவிலிருந்து நிமிர்ந்தேன்.

"நன்னாருக்கா?" என்று கேட்டார் சேகர்.

"நன்னாருக்கு. போர்டு ஒண்ணும் தெரியலை," என்றேன்.

சேட்டன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாயா குடிக்கறியா மோளே?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

நாலு மணிப் படகில் திரும்பினோம். பாதிக் காயலில், "கேமரா இல்லாம ஒரு தடவை என்னைப் பாருங்கோ," என்றேன்.

"இங்கயா? வெளிச்சமே இல்லையே," என்று சிரித்தார். சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

எர்ணாகுளத்தில் இறங்கும்போதே கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. அழைப்பிதழ் ஞாபகம் வந்ததும் விழுங்கிவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

தை மாதம் கல்யாணம் நடந்தது. படம் எடுத்தவரும் வர்கீஸ் சேட்டன்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டி, "எத்தனை பிரியமாப் பார்க்கறார் உங்களை!" என்கிறார்கள். நானும் எட்டிப் பார்ப்பேன். மாலையும் கழுத்துமாக சேகர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததைவிட ஒரு துளியும் கூடுதலாக இல்லை.