வீட்டு மாப்பிள்ளை மேடை ஏறலாமா?

எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு இரண்டு ரேட் உண்டு. பேஸ் கிடாரோடு ஒன்று, பேஸ் கிடார் இல்லாமல் ஒன்று. சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் இது எனக்குத் தெரியவந்தது. அந்த பேஸ் கிடாரை வாசிப்பவன் நான்.

பகலில் எனக்குக் கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள் புகைந்துபோய் எங்களிடம் வரும். கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்போம். ஆர்கெஸ்ட்ராவின் ஆம்ப்ளிஃபயரும் ஒருநாள் அப்படித்தான் புகைந்து வந்தது. அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நான் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆர்கெஸ்ட்ரா ஓனர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவர்.

"தம்பி, உனக்கு சுதி நிக்குதுப்பா. பேஸ் வாசிக்கிறியா? நாலே கம்பிதான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கம்பி சுத்துறவனுக்கு அது இன்னா கஷ்டம்?" என்றார்.

முன்பு வாசித்துக்கொண்டிருந்தவர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாராம். அவர் விட்டுப்போன கிடாரை ஓனர் என் தலையில் கட்டி, அதற்கான பணத்தைக் கச்சேரிக்குக் கச்சேரி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். கடன் அடைவதற்குள் இரண்டு மாரியம்மன் திருவிழா சீசன் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அது என் கிடார் என்று சொல்லிக்கொள்ள வாய் வந்தது.

அந்தக் கிடாருக்குப் பெட்டி கிடையாது. டிராக்டர் சீட்டுக்கு உறை தைப்பவரிடம் ரெக்ஸினில் ஒரு பை தைத்து வாங்கினேன். பஸ்ஸில் அதற்கு லக்கேஜ் டிக்கெட் உண்டா இல்லையா என்பது கண்டக்டர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஸ்பீக்கர் பெட்டியை நானே ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்து வாங்கினேன். இரண்டு ஆள் தூக்க வேண்டும். இரண்டாவது ஆள் எப்போதும் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருப்பார்.

கம்பிதான் பெரிய செலவு. சென்னையில் ஒரு செட் வாங்கினால் மூன்று கச்சேரிச் சம்பளம் போய்விடும். அதனால் பழைய கம்பியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பேன். விரல் வியர்வையும் அழுக்கும் கழன்று, ஓரிரு மாதம் சத்தம் புதிதுபோல இருக்கும். ஒருமுறை சோற்றுக் குண்டானில் போட்டுவிட்டேன்.

"இன்னா இது, கம்பி ரசம் வெக்கிறீங்களா?" என்றாள் என் மனைவி.

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அந்தக் கம்பி எதற்கு, அதில் என்ன சத்தம் வரும் என்று கேட்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் கச்சேரி ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. பிடிக்காமல் இல்லை. நான் கிளம்பும்போது அவளுக்கு வீட்டு வேலை இருக்கும், திரும்பி வரும்போது தூங்கிப்போயிருப்பாள். என் பாதி வாழ்க்கை அவளுக்குத் தெரியாமலேயே போய்க்கொண்டிருந்தது.

மேடையில் பேஸ் வாசிப்பவன் நிற்கிற இடம் டிரம்ஸுக்குப் பக்கத்தில், பின்னால். பாடகர்களின் முதுகைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். ஸ்பீக்கர்கள் எல்லாம் ஜனங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும். எனக்குக் கேட்பது டிரம்ஸும் என் பெட்டியின் 'தும் தும்' சத்தமும் மட்டும்தான். கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் மேடைக்கு வந்து கீபோர்டைத் தொட்டுப் பார்ப்பார்கள், பாடுகிற பெண்ணோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவர் நேராக என்னிடம் வந்தார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"நீங்கதான் கரண்டு பாக்குறவருங்களா? எங்க தெரு லைட்டு ஒண்ணு எரியலிங்க," என்றார்.

போய்ப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

டிரம்ஸ் வாசித்தவர் களமருதூர்க்காரர். கொத்தனார். உளுந்தூர்பேட்டைக்கு வந்து பஸ் மாறி வருவார், விரலிடுக்கில் சிமெண்ட் காய்ந்திருக்கும். என்னைவிட மூத்தவர், வாயைத் திறக்கவே மாட்டார். நானும் அவரும் ஒன்பது வருடம் ஒரு முழம் தள்ளி நின்று வாசித்தோம்; பேசிய பேச்சைச் சேர்த்துக் கட்டினால் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. பாட்டின் நடுவே அடிக்கடி என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். என் வாசிப்பில் தப்பு கண்டுபிடிக்கிறார் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அது அவருடைய பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு ரேட் விஷயத்துக்கு வருகிறேன். கச்சேரி பேச வருகிறவர்கள் ஸ்டூடியோவில் ஓனர் எதிரே உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். பாடுபவர்களில் கை வைக்க முடியாது. கீபோர்டு ஓனரே. தபேலாவும் டிரம்ஸும் இல்லாமல் குத்துப்பாட்டு இல்லை. "இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று அவர்கள் சொன்னால், ஓனர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டு, "பேஸை எடுத்துடலாம், ஒண்ணும் தெரியாது" என்பார். அன்று எனக்கு லீவு. சம்பளமும் கிடையாது.

என்னிடம் மட்டும் வேறு மாதிரி சொல்வார். "பேஸ்ங்கிறது சாப்பாட்டுல உப்பு மாதிரி தம்பி." உப்பில்லாவிட்டால் பந்தியில் உட்கார்ந்தவன் முதல் வாயிலேயே சத்தம் போடுவான். பேஸ் இல்லாத கச்சேரியில் யாராவது சத்தம் போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இதில் எது உண்மை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் எப்படித் தெரிந்துகொள்வது? நான் இருந்தால் அது பேஸ் இருக்கிற கச்சேரி. இல்லாத கச்சேரிக்கு நான் போவதில்லை.

என் மச்சானுக்குக் கல்யாணம் வந்தது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவர்களுக்குக் கச்சிராயபாளையம். கோமுகி வாய்க்கால் பாய்கிற கரும்பு நிலம், நல்ல வசதி. வரவேற்புக்கு எங்கள் செட்டையே வைத்துவிடலாம் என்று மாமனார் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள், நான் மேடையில் நிற்பேன். அந்த ஒரு கச்சேரிக்காகக் கொதிக்கவைத்த கம்பி வேண்டாம் என்று சென்னையிலிருந்து புது செட் வரவழைத்தேன். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து தினம் வாசித்துப் பார்த்தேன்.

மாமனாரை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனதும் நான்தான். ஓனர் சொந்தக்கார ரேட் என்று ஒன்றைச் சொன்னார். மாமனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நீங்களும் வாசிக்கிறீங்களா அன்னிக்கு?"

"ஆமாங்க மாமா."

"அது எப்பிடிங்க? வூட்டு மாப்ள நீங்க. மேடையில நின்னுக்கினு இருந்தா வந்த சனம் இன்னா பேசும்? பொண்ணு குடுத்த எடத்துல மாப்ளகிட்டயே வேலை வாங்குறான் பாருன்னு பேசாது? நீங்க பட்டு வேட்டி கட்டிக்கினு முன்னாடி உக்காரணும்."

மரியாதைக்காகச் சொல்கிறார். மனதாரத்தான் சொல்கிறார். ஓனர் என்னை ஒருமுறை பார்த்தார், மோவாயைத் தடவினார். "அப்ப பேஸ் இல்லாத ரேட்டு போட்டுக்கலாமுங்க, ஒண்ணும் தெரியாது," என்றார். மாமனாருக்கு ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளைக்கு மரியாதை செய்தாயிற்று, செலவும் கொஞ்சம் குறைந்தாயிற்று. வெளியே வந்து எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

மனைவியாவது எனக்காகப் பேசுவாள் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

"அப்பா சொல்றது சரிதானே," என்றாள். "எல்லா விசேஷத்துக்கும் நான் ஒத்தையிலதான் போய் உக்காந்துக்கினு இருக்கேன். ஒரு நாளாவது பக்கத்துல உக்காருங்களேன்."

அவளுடைய தனிமையைப் பற்றி அதுவரை நான் நினைத்தே பார்த்ததில்லை. புதுக் கம்பியோடு கிடாரைப் பையில் போட்டுப் பீரோவுக்கு மேலே வைத்தேன்.

வரவேற்பன்று பட்டு வேட்டி, சந்தனம், கழுத்தில் துண்டு. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். எங்கள் ஆட்கள் ஸ்பீக்கர் தூக்கினார்கள். நான் எழுந்தேன். மாமனார் எங்கிருந்தோ கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது. யாரும் வேண்டுமென்று விட்டதாகத் தெரியவில்லை. பழக்கத்தில் விட்டிருக்கிறார்கள்.

பக்திப் பாட்டில் ஆரம்பித்தார்கள். எனக்கு உடனே தெரிந்தது. பாட்டு தரையில் கால் பாவாமல் ஆடுகிற மாதிரி இருந்தது. திரும்பி ஜனங்களைப் பார்த்தேன். யாராவது முகம் சுளிப்பார்கள், எதையோ தேடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மொய் எழுதுகிற இடத்தில் கூட்டம். ஒரு அம்மா தாளம் போட்டுக்கொண்டிருந்தார், சரியாகவே போட்டார்.

இரண்டாவது பாட்டை எங்கள் பாடகி பாடினார். எத்தனையோ தடவை நான் வாசித்த பாட்டு. எனக்கு அது மேலே போகிற நான்கு சுரம், இறங்குகிற மூன்று சுரம், அவ்வளவுதான். முன்னால் உட்கார்ந்து கேட்டபோதுதான் அவர் குரல் இவ்வளவு இனிமையானது என்று தெரிந்தது. என்னை அறியாமல் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தேன். பாட்டு முடிந்து கை தட்டும்போதுதான் உறைத்தது. நடுவில் எங்கோ பேஸ் இல்லை என்பதை நானே மறந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை என்றால் அப்புறம் யாருக்குத் தெரியும்? என் மேல் எனக்கே கோபம் வந்தது.

மனைவி என் பக்கம் சாய்ந்தாள். ஆறு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டாள்.

"இதுல நீங்க வாசிக்கிறது எதுங்க? எந்த சத்தம்?"

எத்தனை நாள் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்! இப்போது இதுதான் என்று காட்ட ஒரு சத்தம்கூட இல்லை.

"அது இன்னிக்கு இல்ல," என்றேன்.

"அப்பிடியா?" என்று கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டாள். "நல்லாத்தானே இருக்குது," என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. நல்லாத்தான் இருந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. மாப்பிள்ளை பாதியில் எழுந்து போனால் அது வேறு கதையாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது பாட்டில்தான் அதைப் பார்த்தேன். பல்லவி முடிந்து, கீபோர்டு மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடி, மறுபடி எல்லாரும் சேர்ந்து சரணத்துக்குள் நுழைகிற இடம். நுழைவதற்கு ஒரு நொடி முன்னால் டிரம்ஸ்காரர் தன் இடது பக்கம், வழக்கமாக நான் நிற்கிற பக்கம், திரும்பினார். அங்கே மச்சானும் புதுப்பெண்ணும் சிரிக்கிற பேனர்தான் இருந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தார். ஒரு மயிரிழை தாமதம். அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

அடுத்த சரணத்திலும் திரும்பினார். அடுத்த பாட்டிலும் திரும்பினார். இல்லை என்று தெரிந்தும் கழுத்து தானாகப் போகிறது. அவர் என்னிடம் தப்பு தேடியதே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தில் நான் தலையை அசைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக ஒவ்வொரு சரணத்துக்கும் அசைத்திருக்கிறேன், எனக்கே தெரியாது. அவர் அதைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டேன். சந்தன வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார்.

கடைசிப் பாட்டு. கீபோர்டு தனியாக ஓடி முடியப்போகிறது. அவர் எப்போது திரும்புவார் என்று இப்போது எனக்குத் தெரியும். திரும்பினார். நான் நாற்காலியில் இருந்தபடியே தலையை அசைத்தேன், நன்றாக, மேடையில் அசைப்பதைவிடப் பெரிதாக. அவர் முகத்தில் ஃபோகஸ் லைட் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் முதல் வரிசைகூட இருட்டாகத்தான் தெரியும். அவர் பேனரைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார், அதே தாமதத்தோடு நுழைந்தார்.

"யாருக்குங்க தல ஆட்டிக்கினு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

அவளும் மேடையைப் பார்த்தாள். அங்கிருந்து ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.

"யாருக்கும் இல்ல," என்றேன்.